கடலுக்கு முந்தைய நிலையம்

1

கடலுக்கு அடியில் ரயில் போகும்போது எப்படி இருக்கும் என்று ஊரில் கேட்காதவர்கள் குறைவு. உண்மையைச் சொன்னால் ஏமாற்றமாக இருக்கும் என்பதால் இதுவரை மழுப்பி வந்தேன். இப்போது சொல்லிவிடுகிறேன்: ஒன்றும் இருக்காது. மீன் தெரியாது. காது அடைக்காது. ஜன்னல் கறுத்துப் போய் அதில் உங்கள் முகமே தெரியும். தலை கலைந்திருந்தால் சரிசெய்துகொள்ளலாம். அது முடிவதற்குள் வெளிச்சம் வந்துவிடும்.

நான் வசிப்பது சுவீடனின் மால்மோ நகரில். வேலை, கடலுக்கு எதிர்க்கரையில், டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களில் பிழை பார்க்கிறேன். பாலக்காட்டில் ஒரு தமிழ் நாளிதழுக்கு நிருபராக இருந்தவனுக்கு இது ஏற்றமா இறக்கமா என்று தெரியவில்லை. இங்கே பிழை விட்டால் மறுநாள் ஒரு திருத்தம் போட்டுத் தப்பிக்க முடியாது என்பது மட்டும் தெரியும்.

மால்மோவில் கிளம்பும் ரயில் முதலில் நீண்ட பாலத்தின் மேல் போகிறது. நடுக்கடலில் மனிதர்கள் மண் கொட்டி உண்டாக்கிய ஒரு தீவில் இறங்கி, அங்கிருந்து கடலுக்கு அடியில் நுழைந்து, டென்மார்க் கரையில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வெளியே வருகிறது. முழுவதும் பாலமாகவே கட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். விமானங்கள் தாழ்ந்து வரும் இடத்தில் பாலத்தின் உயரமான கோபுரங்கள் நிற்கக் கூடாது. அதனால் கரையிலேயே பெரிய கான்கிரீட் பெட்டிகளை வார்த்து, மிதக்கவிட்டு இழுத்து வந்து, கடல் தரையில் தோண்டிய பள்ளத்தில் ஒன்றையடுத்து ஒன்றாக இறக்கிச் சேர்த்திருக்கிறார்கள். மலையைக் குடைவது போலக் குடைந்தது அல்ல, புதைத்தது. டென்மார்க்குக்கும் ஜெர்மனிக்கும் நடுவே இதைவிட நீளமான ஒன்றை இதே முறையில் இப்போது இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் நடுவில் இருப்பது வேறு வகை. அது கடல் தரைக்கும் கீழே குடைந்தது.

நான் நாளிதழில் இருந்த காலத்தில் இப்படி ஒரு செய்தி வந்திருந்தால் நான்கு பத்திக்குத் தலைப்பு வைத்திருப்பேன். தினமும் போய் வருகிறவனுக்கு அது ஒற்றைப் பத்திக்குக்கூடத் தேறாது. போன மாதம் என் மச்சான் வந்து இறங்கும் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

2

என் மனைவி கிரேஸ் நர்ஸ். அவள் வேலையை ஒட்டித்தான் இங்கே வந்தோம். வீடு வாங்கினோம். மகள் ஜெனி பிறந்தாள், அவளுக்குப் பதினைந்து வயதும் ஆகிவிட்டது. இத்தனை காலத்தில் கிரேஸின் பிறந்த வீட்டில் இருந்து ஒருவர்கூட எங்கள் வாசலை மிதித்ததில்லை. அவள் அப்பாவும் அம்மாவும் கேரள மலையில் உள்ள ஏலப்பாறையில் தேயிலை பறித்தவர்கள். இருவரும் அங்கேயே சர்ச் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். மீதி இருப்பது அண்ணன் சாமுவேல் ஒருவர்தான்.

பெண் குடிபோன வீட்டில் அவளுடைய கூடப்பிறந்தவன் வந்து ஒரு நேரமாவது கைநனைக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. கிரேஸ் அதை வெளியே சொல்ல மாட்டாள். கிறிஸ்துமஸ் அன்று சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு கூடுதலாக வைத்து, பிறகு தானே எடுத்துவிடுவாள்.

மச்சான் ஏலப்பாறைக்கும் தமிழ்நாட்டு எல்லையில் உள்ள குமுளிக்கும் நடுவே ஜீப் ஓட்டுகிறவர். அவருக்கு விசா இரண்டு முறை கிடைக்கவில்லை. முதல் முறை, அவர் ஊர் திரும்புவார் என்று நம்பப் போதிய காரணம் இல்லையாம்.

“நான் திரும்பி வர மாட்டேன்னு அவங்களுக்கு எவன் சொன்னான் மாப்ள? அப்ப என் ஜீப்ப யாரு ஓட்டுவா?” என்று போனில் சத்தம் போட்டார்.

“ஜீப் உங்க பேர்ல இருக்கிறதுக்குப் பேப்பர் வச்சீங்களா மச்சான்?”

“வண்டி என்னுதுதான். பேப்பர்லதான் பழைய மொதலாளி பேரு கெடக்கு.”

இரண்டாம் முறை வீட்டுப் பேரில் இடித்தது. கேரளத்தில் எந்தச் சான்றிதழிலும் வீட்டுப் பேர் வேண்டும். எஸ்டேட் லயத்தில் வரிசையாக இருக்கும் அறைகளுக்கு ஏது வீட்டுப் பேர்? வில்லேஜ் ஆபீஸில் ஒருவர் எஸ்டேட்டின் பேரையே வீட்டுப் பேராக எழுதியிருந்தார். இன்னொருவர் மச்சானின் அப்பா பேரை எழுதியிருந்தார். இங்கே தாள்களைப் பார்த்தவர்களுக்கு அவை இரண்டு சாமுவேல்களாகத் தெரிந்ததில் குற்றமில்லை. மூன்றாம் முறை எல்லாவற்றையும் நானே பிழை பார்த்து அனுப்பினேன். விசா வந்தது. கிரேஸ் அன்றே அந்தக் கூடுதல் தட்டை எடுத்துத் துடைத்து வைத்தாள். இன்னொரு முறை மறுத்திருந்தால் அவள் மறுபடி கேட்டிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

ஜெனிக்கு இதில் பெரிய அக்கறை இல்லை. சிறு வயதில் வீடியோ காலில் மாமாவிடம் நிறையப் பேசுவாள். ஒருமுறை அவள் எதையோ சொல்ல, மச்சான் விழுந்து விழுந்து சிரித்து, “ஏட்டி, இது தமிழா தகரமா?” என்று கேட்டார். அவர் அதைப் பாசத்தில்தான் கேட்டார். அதன்பிறகு அவள் திரையில் கையை மட்டும் ஆட்டுவாள். எங்களிடமும் தமிழைக் குறைத்துக்கொண்டாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் சுவீடிஷில் பதில் சொல்வாள்.

3

மச்சான் வந்த அன்று சனிக்கிழமை. கிரேஸ் சமையலுக்காக வீட்டில் நின்றுகொண்டாள். நானும் ஜெனியும் விமான நிலையம் போனோம். மச்சான் கதவைத் தாண்டி வந்தபோது கம்பளித் தொப்பியும் வெள்ளைச் சட்டையும் போட்டிருந்தார். தோளில் ஒரு பை, ஒரு கையில் பெட்டிகள் ஏற்றிய தள்ளுவண்டி, இன்னொரு கையில் பாஸ்போர்ட், விசா தாள், காப்பீடு எல்லாம் வைத்த பிளாஸ்டிக் உறை. அவர் தூக்கக் கலக்கத்தில் இருந்ததால் உறையை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். நல்ல எண்ணத்தில்தான் வைத்தேன்.

“என்னட்டி, மாமாவத் தெரியுதா?”

ஜெனி, “ஹாய்” என்றாள்.

“ஹாயா? சரி. ஹாய்.”

கடலுக்கு முந்தைய கடைசி நிலையம் அந்த விமான நிலையத்திலேயே இருக்கிறது. ரயில் வந்தது. ஏறினோம். நான் அவருடைய பெட்டிகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தேன். மச்சான் கதவுப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். ரயில் கிளம்பவில்லை. சிக்னலுக்காக நிற்பதாக அறிவிப்பு வந்தது. நடைமேடையில் சீருடை போட்ட இருவர் மெதுவாக நடந்து வந்தார்கள். அதே நேரம், ரயில் மாறி ஏறிவிட்ட ஒரு கும்பல் தங்கள் பைகளுடன் எங்கள் பெட்டியில் இருந்து மளமளவென்று இறங்கியது.

மச்சானும் தோள்பையை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் இறங்கினார்.

“மாமா!” என்ற குரல் கேட்டுத்தான் திரும்பினேன். ஜெனி அவர் பின்னால் குதித்து ஓடினாள். நான் கதவை எட்டுவதற்குள் அது மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் என்னைப் பார்த்தாள். மச்சான் என்னைப் பார்க்கவில்லை. வரிசை எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

ரயில் நகர்ந்து கடலுக்கு அடியில் நுழைந்தது.

4

எல்லையில் வளராதவர்களுக்கு அவர் செய்தது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எனக்கு அது அடுத்த நொடியே விளங்கிவிட்டது.

குமுளியில் தமிழ்நாட்டு பஸ் எல்லைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். இறங்கி, செக்போஸ்ட் வழியாக நடந்து வந்து, இந்தப் பக்கம் ஜீப்போ பஸ்ஸோ பிடிக்க வேண்டும். மச்சான் வாழ்நாள் முழுக்க அந்த ஜீப்பில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எல்லை என்றால் இறங்கி நடக்கும் இடம். சீருடையைக் கண்டதும், யாரும் சொல்வதற்கு முன்பே, கையும் காலும் நன்றாக இருப்பவன் பையோடு இறங்கி நிற்பான். உட்கார்ந்தே இருப்பவனிடம்தான் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அவன் பையைத்தான் கொட்டிப் பார்ப்பார்கள்.

நான் நிருபராக இருந்தபோது பொள்ளாச்சி சாலையில் உள்ள கோபாலபுரம் செக்போஸ்டுக்கு அடிக்கடி போவேன். கோழி நோய் வந்தால் கோழிக்குச் சோதனை, மனிதர்களுக்கு நோய் வந்தால் மனிதர்களுக்குச் சோதனை. ஒரு முறை பஸ்கள் இரு பக்கமும் நின்றுபோய், ஜனங்கள் நடுவில் நடந்துகொண்டிருந்தார்கள். பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர்ச் சந்தைக்குப் போகும் ஒரு அம்மாவிடம், கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன்.

“இதுல என்னங்க கஷ்டம்? எங்கூடு இங்க, எங்க தோட்டம் அங்க. சோறு உங்குறதுக்கே நான் மாநிலம் தாண்டோணுங்க” என்றார். “போட்டோ எடுக்கறதுன்னா வெரசா எடுங்க, வெயில் ஏறுது.”

படம் வந்தது. அவர் சொன்னதை ஆசிரியர் குழு வெட்டிவிட்டது.

மச்சானும் அந்த அம்மாவும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அந்தப் பள்ளியில் எல்லையைக் காலால்தான் தாண்டுவார்கள். அன்று மச்சானுக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான். இங்கே எல்லையில் நடக்கத் தரை இல்லை.

5

சுரங்கத்துக்குள் முதல் முறையாக எனக்கு அது நீளமாகத் தெரிந்தது. ஜன்னலில் என் முகம். மடியில் என் பை. பையில் அவர் பாஸ்போர்ட்.

ஆபத்து என்ன என்பதை வரிசையாக யோசித்தேன். கடலைத் தாண்டி சுவீடனில் முதல் நிலையம் ஹில்லி. அங்கே டென்மார்க்கில் இருந்து வரும் ரயில்களில் போலீஸ் ஏறிப் பார்ப்பார்கள். ஜெனியிடம் அவளுடைய அடையாள அட்டை இருக்கும். மச்சானிடம் ஒன்றும் இல்லை. தாள் இல்லாத ஆளைத் திருப்பி அனுப்புவார்கள். இரண்டு முறை மறுக்கப்பட்ட ஆள், மூன்றாம் முறை அனுமதியோடு வந்து, தங்கையின் வீட்டுக்கு இரண்டு நிலையம் முன்னால் நின்று போவார்.

போன் அடித்தது. கிரேஸ்.

“அண்ணன் வந்துட்டாங்களா? ஏறிட்டீங்களா?”

“ரயில் கிளம்பிருச்சு” என்றேன். செய்தி வேலையில் கற்றது: பொய் சொல்லவில்லை, முழுவதும் சொல்லவில்லை.

“அண்ணன்கிட்ட குடுங்க.”

“டன்னலுக்குள்ள இருக்கோம், சரியா கேக்காது.” இது சுத்தப் பொய். இங்கே சிக்னல் நன்றாகவே கிடைக்கும்.

ஜெனியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. சுவீடிஷில் ஒரு செய்தி மட்டும் வந்தது: “அவர் நடந்தே வருவேன் என்கிறார். என் போனில் சார்ஜ் இல்லை.” அதன்பிறகு அவள் எண் அணைந்துவிட்டது.

வெளிச்சம் வந்தது. தீவு, பாலம், கீழே சாம்பல் நிறக் கடல். பக்கத்தில் இருந்தவர் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஹில்லியில் பெட்டிகளோடு இறங்கினேன். திரும்பிப் போகலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நான் போகும் நேரத்தில் அவர்கள் வந்தால், கடலுக்கு அடியில் எதிரும் புதிருமாகக் கடந்து போவோம். பாஸ்போர்ட் அந்தப் பக்கம் போகும், ஆள் இந்தப் பக்கம் வருவார். அதனால் நடைமேடையில் நின்ற போலீஸ்காரப் பெண்ணிடம் போனேன். ஜெனியைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள். எனக்குப் பதற்றத்தில் டேனிஷும் சுவீடிஷும் கலந்து வந்தன.

“பாஸ்போர்ட் இங்கே இருக்கிறது, ஆள் அங்கே இருக்கிறாரா?” என்று திருப்பிக் கேட்டாள்.

“ஆமாம்.”

“எங்களுக்கு வழக்கமாக ஆள் வருவார், பாஸ்போர்ட்தான் வராது.”

“அவர் பாஸ்போர்ட் இல்லாமல் வந்தால் என்ன செய்வீர்கள்?”

“திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்” என்றாள். கடுமையாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னாள். “நீங்கள் என் பக்கத்திலேயே நில்லுங்கள். இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தால் சரி.”

அடுத்த ரயில் வந்தது. எல்லாக் கதவுகளும் திறந்தன. அவர்கள் இல்லை.

போலீஸ்காரப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னும் ரயில் இருக்கிறது” என்றாள்.

6

அந்த நேரத்தில் எதிர்க்கரையில் நடந்ததை இருவரும் பிறகு மாறி மாறிச் சொன்னார்கள். ஒருவர் சொல்லும்போது மற்றவர் மறுத்தார். ஒத்துப்போன பகுதியை மட்டும் இங்கே தருகிறேன்.

மச்சான் நேராகச் சீருடைக்காரர்களிடம் போய்த் தோள்பையைத் திறந்து காட்டியிருக்கிறார். அவர்கள் சக்கர நாற்காலியில் வரும் பயணிக்கு உதவ வந்த ஊழியர்கள். உள்ளே இருந்த ஏலக்காய்ப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லி நகர்ந்திருக்கிறார்கள்.

“செக்கிங் முடிஞ்சிட்டு. வா, நடந்து அந்தப் பக்கம் போயிருவோம். ஒங்கப்பன் வண்டி அங்க நிக்கும்” என்றாராம்.

“நடக்க முடியாது மாமா.”

“ஏன், தூரமா?”

ஜெனிக்கு அதற்கான தமிழ் வரவில்லை. “கடல்” என்றாள். பிறகு தரையைக் காட்டி, “கீழ. ட்ரெயின் கீழ போகும். மேல கடல்” என்றாள். அவர் சிரிப்பார் என்று காத்திருந்தாளாம். அடுத்த ரயில் அப்போதுதான் வந்து, நின்று, போய்விட்டது.

மச்சான் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்திருக்கிறார். தேக்கடியில் இருந்து மலைக்குள் புகுந்து தமிழ்நாட்டுப் பக்கம் தண்ணீர் கொண்டு போகும் சுரங்கம் அவர் ஜீப் ஓட்டும் வழியில்தான் இருக்கிறது.

“எங்க தண்ணி டணல் மாதிரியா? அங்க தண்ணி டணலுக்குள்ள போவுது. இங்க டணலே தண்ணிக்குள்ள போவுதா?”

“ஆமா. ஆமா மாமா!”

“அத மொதல்லயே சொல்லப்பிடாதா? டணலுக்குள்ள மனுசன நடக்க உடமாட்டானே. சரி, வண்டிக்கு நிப்போம்.” பிறகு தணிந்த குரலில், “ஏட்டி, பாஸ்போட்டு ஒங்கப்பன்கிட்டல்லா இருக்கு. நம்மள உடுவானா?” என்று கேட்டிருக்கிறார்.

அவர் பயந்திருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்ததாம். “நான் பேசுறேன்” என்றாளாம்.

7

அதற்கடுத்த ரயில் வந்தபோது முன்பக்கப் பெட்டிகளில் இருந்து அவர்கள் இறங்கவில்லை. நான் கடைசிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் கதவு திறந்ததும் முதல் ஆளாக இறங்கியவர் மச்சான்தான். இறங்கி, யாரும் கேட்கும் முன்பே, தோள்பையைத் திறந்து தரையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் உடம்பில் இருந்து விலக்கிக்கொண்டு நின்றார். அவர் பக்கத்தில், அவருடைய கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜெனி.

போலீஸ்காரப் பெண் பாஸ்போர்ட்டை வாங்கினாள். படத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். விசாவைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். அவள் கை காட்டி நிறுத்திவிட்டு ஜெனியிடம் கேட்டாள்: “இவர் உனக்கு யார்?”

“என் அம்மாவின் அண்ணன்” என்றாள் ஜெனி, சுவீடிஷில். அந்த மொழியில் அம்மாவுடன் பிறந்தவனுக்கென்றே தனிச் சொல் உண்டு. ஆங்கிலத்தைப் போல எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதில்லை. “எங்கள் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறார். இதுவரை வந்ததே இல்லை. எல்லையில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று நினைத்துவிட்டார். அவர் ஊரில் அப்படித்தான்.”

போலீஸ்காரப் பெண் பாஸ்போர்ட்டை மூடினாள். என்னிடம் கொடுக்கவில்லை. மச்சானிடமே நீட்டினாள்.

“நல்வரவு. இதை இனி அவரையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.”

மச்சான் கைகளைக் கீழே இறக்க மறந்து என்னைப் பார்த்தார். “என்ன சொல்லுதா மாப்ள?”

“போகலாம்னு சொல்றாங்க மச்சான்.”

“இம்புட்டுதானா? பையக்கூடப் பாக்கலியே.”

“பாக்க வேண்டாமாம்.”

“என்ன செக்போஸ்ட்டோ” என்று குனிந்து பையைப் பூட்டினார். நான் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பல வருடம் விபத்துச் செய்திகளை எழுதியவன் நான். ஒன்றும் நடக்காமல் போன ஒரு நாளை எப்படி எழுதுவது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

போன் மறுபடி அடித்தது. கிரேஸின் குரல் மாறியிருந்தது.

“எங்க இருக்கீங்க? ஏன் இவ்வளவு நேரம்? என்னமோ நடந்திருக்கு. அண்ணன அனுப்பிட்டாங்களா? உள்ள விடலையா? சொல்லுங்க.”

நான் போனை மச்சானிடம் கொடுத்தேன். அவர் அதைக் காதில் வைத்து, “ஏட்டி கிரேஸு, தாண்டியாச்சு” என்றார். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் எனக்கே கேட்டது. அவர் போனைக் கையில் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஜெனி அதை அவர் கையில் இருந்து வாங்கினாள்.

“அம்மா, அழாத. மாமா எங்கூடதான் இருக்காங்க. நான் கூட்டிட்டு வரேன்.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். “இல்ல, ஒண்ணும் ஆகல. அவங்களுக்குப் பசிக்குதாம். சீக்கிரம் எடுத்து வை.”

மச்சான் என் பக்கம் சாய்ந்து, “நான் எப்ப பசிக்குதுன்னு சொன்னேன்?” என்றார்.

ஜெனி போனைக் கையால் மூடிக்கொண்டு, “சும்மா இருங்க மாமா” என்றாள்.